பாடத்த நாமளே மாத்தி அமைக்கலாமா? கல்லல் டீச்சர் கேட்டதுக்கு ஒரு பதில்

கேட்டவங்க சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில பி.டி. டீச்சர், அதாவது பட்டதாரி ஆசிரியர். சுத்துவட்டாரத்துல நாலஞ்சு ஸ்கூல்லேர்ந்து ஆறேழு பேர் சேந்து ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் கணக்கு, அறிவியல் பாடத்த நம்ம செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும், ஒர்க்‌ஷீட், சார்ட், மாடல் எல்லாம் சொந்தமா தயார் பண்ணணும்னு நினைக்கிறாக. இதுக்கு அனுமதி உண்டா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, முடிஞ்சதும் புக்கா அடிச்சு மாவட்டம் பூரா குடுக்கலாமா, இதுதான் கேட்டது. ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருந்தீங்க டீச்சர், போன வருஷம் ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல நீங்க ஒருத்தர் மட்டும் ராத்திரி உக்காந்து டைப் பண்ணிக்கிட்டு இருந்தீங்க, மத்தவங்க வாட்ஸாப்ல கட்டைவிரல் போட்டாகன்னு. எனக்கென்னமோ உங்க நிஜக் கேள்வி அதுதான்னு படுது, அதனால மத்ததுக்கு சுருக்கமாவும் அதுக்கு விரிவாவும் சொல்றேன்.

நான் யாருன்னா, சாக்கோட்டை ஒன்றியத்துல பி.டி.யா இருந்து, அப்புறம் வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநரா பல வருஷம் ஓடி, இப்ப ரிட்டயர்டு. எனக்குத் தெரிஞ்சது ஆறு டு எட்டு, அதுலயும் கணக்கு அறிவியல். ப்ளஸ் டூ பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அங்க பப்ளிக் எக்ஸாம் பிடிக்கிற பிடி வேற மாதிரி.

அனுமதி விஷயத்த முதல்ல முடிச்சிருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 29வது பிரிவு, கலைத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் அரசு குறிப்பிடுற கல்விசார் அமைப்புதான் வகுக்கணும்னு சொல்லுது, நம்ம மாநிலத்துல அது எஸ்.சி.இ.ஆர்.டி.ங்கற மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம். அதனால ஒரு பாடத்த எடுத்துட்டு இன்னொண்ண வைக்கிறது நம்ம கையில இல்ல. ஆனா அதே பிரிவு, பிள்ளைங்க செஞ்சு பாத்து, தேடிக் கண்டுபிடிச்சு படிக்கணும்னும் சொல்லுது. 24வது பிரிவு ஆசிரியர் கடமைய சொல்றப்ப பாடத்த குறிச்ச காலத்துல முடிக்கணும்ங்கறதோட நிக்கல, ஒவ்வொரு பிள்ளையோட திறனையும் பாத்து தேவைப்பட்டா கூடுதலா சொல்லிக் குடுக்கணும்ங்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நமக்கு இருக்கிற இடம் நிறைய. எந்த உதாரணம், எந்த வரிசை, எந்தக் கேள்வி, எந்தப் பொருள், எவ்வளவு நேரம், எல்லாம் நம்ம இஷ்டம்தான். ஹெச்.எம்.கிட்ட சொல்லிருங்க, பி.இ.ஓ.வுக்கு, அதான் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு பக்கத்துல தகவல் கடிதம் குடுத்துருங்க, காளையார்கோவில் டயட்ல (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) செயலாய்வு பாக்குற விரிவுரையாளர் யாராச்சும் ஒருத்தர் காதுல போட்டு வைங்க. கேக்காம செஞ்சதுக்காக யாரும் தூக்கில போட மாட்டாக, ஆனா தெரியாம செஞ்சாகன்னு பேர் வந்தா கூட இருக்கிற பயந்த சுபாவக்காரங்க முதல்ல கழண்டுக்குவாக.

இப்ப நிஜக் கேள்விக்கு வருவோம். ஏன் எல்லாரும் விலகிப் போறாங்க? டீச்சர்கள் கூடி மெட்டீரியல் தயாரிக்கிற வேலைய பெரும்பாலும் பங்கு பிரிக்கிற வேலையா ஆக்கிடறோம். உனக்கு பின்னம், எனக்கு வடிவியல், அவுகளுக்கு ஒளியியல், அடுத்த மாசம் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பி.டி.எஃப். அப்படி பிரிச்ச உடனே கூட்டம்ங்கறதுக்கே தேவை போயிருது, அவனவன் வீட்ல உக்காந்து தனியா எழுதுறான், எழுத நேரமில்லாதவன் ஒதுங்குறான், கடைசியா கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் தலையில அத்தனையும் விடியுது. நீங்க சொன்னது அச்சு அசல் இதுதான். இதுக்கு மாத்து ஒண்ணே ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன், எல்லாரும் சேந்து ஒரே ஒரு பாடம், அத ஒருத்தர் வகுப்புல நடத்த மத்தவங்க அங்கயே உக்காந்து பாக்கணும், பாத்துட்டு அன்னைக்கே திருத்தணும். டைப்பிங் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. ஜப்பான்ல ஜுக்யோ கென்க்யூன்னு ரொம்ப காலமா பண்றாங்க, ஒரு குழு சேந்து ஒரு பாடத்த திட்டம் போடும், ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க கையில நோட்டோட பிள்ளைங்க என்ன செய்யுதுங்கன்னு எழுதுவாங்க, முடிஞ்சதும் பேசித் திருத்தி சில நேரம் இன்னொரு வகுப்புல மறுபடி நடத்துவாங்க. திட்டம் போடுறதுக்கு முன்னாடி அதே பாடம் வேற வேற புத்தகங்கள்ல எப்படி வந்திருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்பாங்க. நமக்கு இது சுலபம், நம்ம புக், மத்திய அரசோட என்.சி.இ.ஆர்.டி. புக், பழைய சமச்சீர் கல்வி புக் மூணும் பி.டி.எஃப்.பா கிடைக்கும், ஒரே பாடத்த மூணு பேர் எப்படி ஆரம்பிச்சிருக்காகன்னு பாத்தாலே பாதி விவாதம் கிளம்பிரும்.

நம்ம நாட்டுலயும் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கு. மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மாவட்டம், இப்ப நர்மதாபுரம்னு பேர், அங்க 1972ல 16 நடுநிலைப்பள்ளியில அறிவியல செஞ்சு பாத்து படிக்கிற மாதிரி மாத்தி அமைச்சாங்க. கிஷோர் பாரதி, ரசூலியா ஃப்ரண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ரெண்டு அமைப்பு, டெல்லி யுனிவர்சிட்டிக்காரங்க, டாட்டா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிங்க எல்லாம் வந்தாங்க, ஆனா எனக்கு அதுல பிடிச்சது அந்த மாசாந்திரக் கூட்டம். கிராமத்து வாத்தியாருங்க மாசா மாசம் கூடி, இந்த சோதனை எங்க வகுப்புல வரல, இந்தக் கேள்வி பிள்ளைக்குப் புரியலன்னு கொண்டு வருவாங்க, அதவச்சு புக்கையே திருத்துனாங்க. 1978ல மாவட்டம் முழுக்கப் போச்சு, 1982ல ஏகலவ்யாங்கற அமைப்பு பொறுப்பெடுத்துச்சு, பரீட்சையிலகூட புக்க பாத்து எழுதலாம்னு வச்சிருந்தாங்க. 2002ல மாநில அரசு நிறுத்திருச்சு. முப்பது வருஷம் ஓடுனதும் உண்மை, ஒரு உத்தரவுல நின்னதும் உண்மை, ரெண்டையும் மனசுல வச்சுக்கணும்.

நம்ம ஊர் அனுபவமும் இருக்கே. பிள்ளைங்க அட்டைய எடுத்து படிப்படியா தாங்களே செஞ்சு படிக்கிற செயல்வழிக் கற்றல் 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சப்ப டீச்சருங்க ஆந்திராவுல இருக்கிற ரிஷிவேலி பள்ளிக்குப் போய் பாத்துட்டு வந்து தாங்களே உக்காந்து அட்டை தயாரிச்சாங்க. 2007 வாக்குல மாநிலம் பூரா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துச்சு. அட்டைய தயாரிச்ச டீச்சருக்கு இந்த அட்டைக்கு அப்புறம் ஏன் அந்த அட்டைன்னு தெரியும், நம்ம பக்கம் வந்து சேந்தது ஏணிப்படி சார்ட்டும் தட்டு நிறைய அட்டையும்தான், ஏன்ங்கறது ரெண்டு மூணு நாள் டிரெயினிங்கோட போச்சு. பயிற்சி குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்ங்கறதால சொல்றேன், நல்லா சொந்தமாக்கிக்கிட்ட டீச்சருங்களும் இருந்தாக, அட்டைய பூச்சி அரிக்காம பாத்துக்கிட்டதோட சரின்னு இருந்தவங்களும் உண்டு. எழுதுனவங்க கையில உயிரோட இருக்கிற மெட்டீரியல் அடுத்தவங்க கைக்குப் போனா பாதி செத்துப் போயிருது, உங்க புக் ஆசைக்கும் இதுதான் சிக்கல், அதுக்கு கடைசில வரேன்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? பிள்ளைங்க நோட்டுலேர்ந்து. முதல் கூட்டத்துக்கு லேப்டாப் வேணாம், ஆளுக்கு ஒரு வகுப்பு டெஸ்ட் பேப்பர் கட்டு கொண்டு வரச் சொல்லுங்க. பின்னத்தையே எடுத்துக்குவோம், அரையும் மூணுல ஒண்ணும் கூட்டுன்னா ரெண்டின் கீழ் அஞ்சுன்னு எழுதுற பிள்ளை எல்லா ஸ்கூல்லயும் இருக்கும். மேலயும் மேலயும், கீழயும் கீழயும் கூட்டியிருக்கு. மூணுல ஒண்ண விட நாலுல ஒண்ணு பெருசுங்கும், ஏன்னா மூணவிட நாலு பெருசு. இது கவனக்குறைவு கிடையாது, அந்தப் பிள்ளை பின்னத்த ஒரே எண்ணா பாக்கல, ரெண்டு முழு எண்ண ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கி வச்சதா பாக்குது. இது நான் அடிச்சுச் சொல்லக்கூடிய விஷயம், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வர்ற தப்புதான். தப்புவாரியா பேப்பர தரையில குவியல் குவியலா பிரிச்சுப் போடுங்க. எந்தக் குவியல் பெருசோ அதுதான் உங்க முதல் பாடம். இப்படி ஆரம்பிச்சா யார் சீனியர், யார் மாநில அளவுல பயிற்சி குடுக்கிற கருத்தாளர்ங்கற பேச்சு எழவே எழாது, ஏன்னா எல்லார் கட்டுலயும் அதே தப்பு இருக்கும். வகுப்பு சின்னதாகூட இருக்கட்டும், பரவாயில்ல.

அப்புறம் திட்டம். அந்தத் தப்ப பிள்ளை தானே உணர்ற மாதிரி ஒரு கேள்வி, ஒரு பொருள், ஒரு பக்க ஒர்க்‌ஷீட், அவ்வளவுதான். ரெண்டின் கீழ் அஞ்சுங்கறது அரையவிடக் கம்மி, அரையோட இன்னொண்ண கூட்டுனா எப்படிடா அரையவிடக் குறையும்னு ஒரு காகிதப் பட்டைய மடிச்சுக் காட்டி கேட்டாப் போதும், வகுப்பு முழிக்கும். அந்த முழிக்கிற இடம்தான் வேணும், அங்க டீச்சர் அவசரப்பட்டு விடைய சொல்லிரக்கூடாது. யாராச்சும் ஒருத்தர் நடத்துங்க, மத்தவங்க ஆளுக்கு ரெண்டு மூணு பிள்ளைய மட்டும் பாத்து எழுதுங்க, எப்ப பென்சில எடுத்துச்சு, எப்ப பக்கத்துப் பிள்ளைய எட்டிப் பாத்துச்சு, என்ன முணுமுணுத்துச்சு.

இங்கதான் நம்ம ஊர்ல பெரிய முட்டுக்கட்டை. ஒருத்தர் வகுப்புக்குள்ள இன்னொருத்தர் வந்து பின்னாடி உக்காந்தாலே நமக்கு அது ஆய்வு. வருஷம் பூரா அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கோம், யார் வந்தாலும் பாடக்குறிப்பு எங்க, நோட்டு திருத்தியாச்சான்னு கேப்பாக. அந்த பயம் போறதுக்கு ரெண்டு கட்டுப்பாடு போதும்னு என் அனுபவம். பாடம் முடிஞ்சதும் முதல்ல பேச வேண்டியது நடத்துனவங்க. மத்தவங்க பேசுறப்ப டீச்சரப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, பிள்ளையப் பத்தி மட்டும். போர்டு எழுத்து சின்னதா இருந்துச்சு டீச்சர்ங்கறத விட்டுட்டு, கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் போர்ட பாக்காம பக்கத்து நோட்ட பாத்து எழுதுனாகன்னு சொல்லணும். விஷயம் ஒண்ணுதான், காதுல விழுற விதம் வேற. முதல்ல தைரியமா நடத்த முன்வர்றது குழு ஆரம்பிச்ச நீங்களா இருந்தா நல்லது.

நேரம் எங்கன்னு கேப்பீங்க. நாலு மணிக்கு மேல கூட்டம் வச்சா அது நடக்காது, காரைக்குடி, தேவகோட்டையிலேர்ந்து பஸ்ல வர்ற டீச்சருங்களுக்கு அந்த ஒரு பஸ்ஸ விட்டா வீடு போய்ச் சேர இருட்டிரும், இத சொல்லவும் கூச்சப்பட்டுக்கிட்டு சும்மா வராம இருந்துருவாக, நாம ஆர்வமில்லைன்னு நினைச்சுக்குவோம். சுத்துப்பட்டுப் பள்ளி டீச்சருங்க கூடுற குறுவள மையக் கூட்டம் நடக்குற அன்னைக்கு எல்லாரும் எப்படியும் ஒரே இடத்துக்கு வர்றாக, அன்னைக்கு சாயங்காலம் ஒரு அரைமணி கேட்டு வாங்குங்க. வகுப்பு பாக்குறதுக்கு மட்டும் ஒரு பருவத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஹெச்.எம்.கிட்ட மாத்து ஏற்பாடு கேட்டா போதும். எமிஸ்னு பிள்ளைங்க விவரத்த ஆன்லைன்ல ஏத்துற பதிவு, பயிற்சி, தேர்தல் வேலைன்னு போற நம்ம வருஷத்துல அதுக்கு மேல திட்டம் போட்டா அது காகிதத்துல மட்டும்தான் இருக்கும்.

இனி செட்டிநாட்டுப் பிள்ளைக்குத் தகுந்த மாதிரிங்கற உங்க ஆசைக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் சந்தேகமும் உள்ள பகுதி. உங்க லிஸ்ட்ல காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்லு, கண்டாங்கி சேலை, பிள்ளையார்பட்டி எல்லாம் இருந்துச்சு. நல்லதுதான், ஆனா ஒண்ணு யோசிங்க, நம்ம அரசுப் பள்ளிக்கு வர்ற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் அந்த வீட்டு முகப்புல உரிமையோட ஏறியிருக்கும்? அந்த வீட்டக் கட்டுன கொத்தனாரு, ஆசாரி, இப்ப அத கூட்டிப் பெருக்குறவுக, கல்லு போடுற பட்டறையில வேலை பாக்குறவுக, கல்யாணத்துக்கு சமைக்கப் போறவுக வீட்டுப் பிள்ளைங்கதான் பெரும்பாலும். வளவு, பட்டாலைங்கற அந்த வீட்டுப் பகுதிகள வெளிய நின்னு வியக்கிற மாதிரி பாடம் எழுதுனா அது டூரிஸ்ட் புத்தகம். அதையே வேலை செய்யிற கை பக்கமிருந்து எழுதுனா அந்தப் பிள்ளை வகுப்புல ஒரு நாளாச்சும் நிபுணரா ஆகும்.

ஆத்தங்குடி கல்லையே பாருங்க. கண்ணாடி மேல அச்சு வச்சு, ஒவ்வொரு அறையிலயும் கலர் சிமெண்ட்டக் கரைச்சு ஊத்தி, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு, இறுகுனப்புறம் தண்ணித் தொட்டியில போட்டு வைப்பாக. சூளையில வேகவைக்கிறதே இல்ல. இத வச்சு அறிவியல்ல கேக்க வேண்டிய கேள்வி, காய வேண்டிய சாமான எதுக்கு தண்ணிக்குள்ள போடுறாக? பெரியவங்கள்லயே நிறையப் பேர் சிமெண்ட் காஞ்சு இறுகுதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கோம், அது தண்ணியோட வினைபுரிஞ்சு இறுகுது, தண்ணி சீக்கிரம் போயிட்டா பலமில்லாமப் போகும், அதுக்குத்தான் கட்டடத்துக்கும் தண்ணி விடுறாக. பௌதிக மாற்றம், வேதி மாற்றம்னு பாடத்துல வர்ற இடத்துக்கு இதவிட நல்ல பொருள் நம்ம பக்கத்துல கிடையாது. கணக்குக்கு சமச்சீர் (சிம்மெட்ரி), நாலு கல்ல சேத்து ஒரு பூ வர வைக்கிறது, திருப்பி வச்சா என்ன ஆகும்ங்கறது, இதெல்லாம் சும்மா வந்துரும்.

ஏழாவது கணக்குல தனிவட்டி வருது, அங்க வட்டி வீதம் ஆண்டுக்கு. நம்ம ஊர்ப் பிள்ளை காதுல விழுறது ரெண்டு வட்டி, மூணு வட்டி, அது நூத்துக்கு மாசத்துக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு வட்டின்னா மாசம் 200, வருஷம் 2,400, புத்தகக் கணக்குப்படி 24 சதவீதம். அஞ்சு வட்டின்னா 60 சதவீதம். இந்த ஒரு மாத்தத்த போர்டுல போட்டாலே வகுப்பு நிமிந்து உக்காரும், வட்டித் தொழிலுக்கு பர்மா வரைக்கும் போய் வந்த ஊர்ல இத சொல்லிக் குடுக்காம வேற எங்க சொல்லிக் குடுக்க? ஆனா ஒரு எச்சரிக்கை, உங்க வீட்ல எவ்வளவு கடன்னு ஒருநாளும் பிள்ளையக் கேட்டு கணக்கு போடாதீங்க. குழுக் கடன், நகைக்கடன்னு வீடெல்லாம் இருக்கு, கற்பனையா ஒரு ஆளு பேர் வச்சு கேளுங்க. அதே மாதிரி பழைய கணக்குப்பிள்ளை முறையில மாகாணி பதினாறுல ஒண்ணு, முந்திரி முந்நூத்தி இருபதுல ஒண்ணுன்னு ஆர்வமா கொண்டு வருவாங்க சில பேர், எனக்கும் ஆசைதான், ஆனா மூணுல ஒண்ணுக்கே திணர்ற பிள்ளைக்கு அது பாரம், நல்லா வந்துட்ட பிள்ளைக்கு வேணா குடுங்க.

மழை நீர்க் கணக்கும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். ஸ்கூல் மொட்டை மாடிய பிள்ளைங்கள விட்டே அளக்கச் சொல்லுங்க, 20 மீட்டருக்கு 6 மீட்டர்னா 120 சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர் மழைக்கு 6,000 லிட்டர். அப்புறம் ஊருணிக்கு வரத்துக்கால் எங்கேர்ந்து வருது, இப்ப அது எங்க அடைச்சிருக்குன்னு பாக்கப் போனா அது கணக்கா, புவியியலா, ஊர் வம்பான்னு தெரியாத பாடமா ஆயிரும், போங்க, ஆனா ஊராட்சித் தலைவர்கிட்ட முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

சந்தேகம்னு சொன்னேனே, அது இதுதான். உள்ளூர் உதாரணம் வச்சா பிள்ளை வாய் திறந்து பேசும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதனாலயே கணக்கு நல்லா வரும்னு சொல்ல நான் தயாரில்ல. கல்லப் பத்தி நல்லாப் பேசிட்டு சமச்சீர் அச்சு எத்தனைங்கறதுல தப்பு விடுற வகுப்ப நிறையப் பாத்திருக்கேன். அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி அஞ்சு கேள்வி, முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு அதே மாதிரி அஞ்சு கேள்வி வச்சுப் பாருங்க. மறுநாளே டெஸ்ட் வச்சா எல்லாம் நல்லாத்தான் தெரியும். பதினஞ்சு இருபது பிள்ளை இருக்கிற வகுப்புல சராசரி மார்க் ஏறுனத வச்சு பெருசா எதுவும் முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பேர் லீவு போட்டாலே அது மாறிரும், எந்தத் தப்பு மறைஞ்சுச்சு, எது அப்படியே நிக்குதுன்னு மட்டும் பாருங்க. ஒரே வகுப்பறையில தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டும் உக்காந்திருக்கிற ஸ்கூலுக்கு இதே ஒர்க்‌ஷீட் எப்படி வேலை செய்யும்ங்கறதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல, சிறப்புக் கவனம் தேவைப்படுற பிள்ளைங்களுக்கு என்ன மாத்தணும்ங்கறத உங்க ஒன்றியத்து சிறப்பு ஆசிரியர கூட்டத்துக்கே கூப்பிட்டுக் கேளுங்க.

டைப்பிங் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா குழு உடையறது பல நேரம் இதுலதான். பாமினி, வானவில்னு ஆளுக்கொரு ஃபாண்ட்ல அடிக்காதீங்க, யூனிகோட்ல அடிங்க, ஃபோன்லயே எல்லாரும் திருத்தலாம். படமா மாத்தி வாட்ஸாப்ல போட்டா அத யாரும் தொட முடியாது, தொட முடியாதத யாரும் சொந்தம்னு நினைக்க மாட்டாங்க. கையால எழுதி ஜெராக்ஸ் போட்ட ஒர்க்‌ஷீட்டும் ஒர்க்‌ஷீட்தான். ஒவ்வொண்ணுக்கும் பின் பக்கத்துல எந்த ஸ்கூல்ல நடத்துனோம், எங்க பிள்ளைங்க முழிச்சாங்க, அடுத்து எத மாத்தணும்னு நாலு வரி இருக்கட்டும். வகுப்புல சொல்லிக் குடுக்கிறதுக்காக புத்தகத்துலேர்ந்து எடுத்துப் போட்டுக்க 1957 காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவு ஆசிரியருக்கு இடம் குடுக்குது, கவலைப்படாதீங்க. கதை வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல ஓப்பன் லைசென்ஸ்ல தமிழ்லயே கிடைக்கும், மாத்தியும் எழுதிக்கலாம்.

புக்கா அடிக்கிற விஷயம். அடிச்சு வெளிய விக்கவோ விநியோகிக்கவோ போறப்ப மேல சொன்ன சலுகை அப்படியே பொருந்தாது, மத்தவங்க படம், பாடநூல் கழகப் பக்கம் எதுவும் உள்ள இருந்தா எழுதி அனுமதி வாங்கணும். அது ஒருபக்கம் இருக்கட்டும், முதல் வருஷமே மாவட்டம் பூரா குடுக்குறத நான் வேணாம்னுதான் சொல்வேன், செயல்வழிக் கற்றல் அட்டைக்கு நடந்தது இதுக்கும் நடக்கும். வேற ஒன்றியத்துலேர்ந்து யாராச்சும் கேட்டா பி.டி.எஃப். அனுப்பாதீங்க, ரெண்டு பேர வந்து ஒரு வகுப்ப பாக்கச் சொல்லுங்க, பாத்துட்டு எடுத்துட்டுப் போய் அவுக ஊருக்கு மாத்திக்கிட்டு, மாத்துனத உங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். திருப்புவனம் பக்கத்துப் பிள்ளைக்கு ஆத்தங்குடி கல்லு வேணாம், அங்க கீழடி பானை ஓடு இருக்கு.

ஆள் எண்ணிக்கை ஆறேழு போதும், அதுக்கு மேல சேக்காதீங்க. வாட்ஸாப்ல கட்டைவிரல் மட்டும் போட்ட அந்த மத்தவங்களையும் விட்டுறாதீங்க டீச்சர், அவுகள இந்தத் தடவ எழுதச் சொல்லாம, பேப்பர் கட்டோட வரச் சொல்லிப் பாருங்க.